வெள்ளைக் குதிரைகள் என் கைவேலை

உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சொன்ன இடத்தில் போர் போட்டு நல்ல தண்ணீர் எடுத்தவன் நான். ராமநாதபுரத்தில் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிற கடை என்னுடையது. எதிர்த்தாற்போல் ஏசி போட்ட பெரிய கடை வந்த பிறகும் என் கடையில் கூட்டம் குறையவில்லை. ராமேஸ்வரத்தில், கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், மூன்று மாடி லாட்ஜ் கட்டினேன். படம் போட்டுக் கொடுத்த இன்ஜினீயர் பாதியில் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மீதியை நானே வெயிலில் நின்று கட்டினேன். இரண்டாவது மாடி ஏறும்போது ஒரு படி மட்டும் மற்றதைவிட உயரமாக இருக்கும், பழகிவிட்டால் தெரியாது. எத்தனையோ புயல் அடித்துவிட்டது, ஒரு ஜன்னல் கண்ணாடி விழுந்ததில்லை. படிப்பு என்று பார்த்தால் ஐந்தாவதில் பாதி.

நாலாவதாகவும் ஒன்று செய்திருக்கிறேன். ஒரு குதிரைப்படை. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் குதிரைப்படை. குதிரையும் ஆளுமாகச் சேர்த்தே என் சுண்டுவிரல் நீளம் வராது, ஈயத்தில் வார்த்தது. வார்த்தவன் வெள்ளைக்காரன். பெயிண்ட் அடித்தவன் நான். அது இப்போது பெங்களூரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. பெட்டிக்குக் கீழே ஒரு அட்டை இருக்கிறது. சேகரித்தது, வண்ணம் தீட்டியது என்று போட்டு என் மகன் பேரை எழுதியிருக்கிறார்கள். என் பேர் அதில் இல்லை.

என் மகனோடு சேர்ந்து இந்தப் பொம்மைச் சண்டை ஆடிய பிள்ளைகள் அவன் நினைவாக ஒரு மலர் போடுகிறார்கள். அவனைப் பற்றி அப்பா நீங்கள் எழுதித் தர வேண்டும், தமிழிலேயே எழுதுங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். எழுதினால் இதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.

எங்கள் ஊர் திருவாடானைப் பக்கம். மழை பெய்தால் நெல்லும் மிளகாயும், பெய்யாவிட்டால் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். மூட்டத்துப் புகையில் நிற்கப் பிடிக்காமல் நான் தங்கச்சிமடம் போனேன். காட்டுக்காரனுக்குக் கடலில் என்ன வேலை தெரியும்? வலை இழுக்கத் தெரியாது, நீந்தவும் தெரியாது. கரையேற்றிப் போட்ட படகுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டிவிட்டு பெயிண்ட் அடிக்கிற வேலைதான் கிடைத்தது. முகத்தில் சொட்டாமல் அடிக்கப் பழகவே ஒரு வருஷம் ஆனது.

அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். படகுக்காரர் ஏதாவது ஒரு படகைக் கைகாட்டி, அந்த மாதிரி அடி என்பார். அந்த மாதிரியே அடிக்க வேண்டும். நீலம் என்றால் அதே நீலம், கோடு என்றால் அதே அகலம். ஒருதடவை ஒருத்தர் தன் அண்ணன் படகைக் காட்டினார். அண்ணன் படகில் மஞ்சள் கோடு மூக்குப் பக்கம் கோணிக்கொண்டு போயிருந்தது. நானும் கோணலாகவே அடித்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, இவன்தான் வேலைக்காரன் என்று அடுத்த வருஷமும் என்னையே தேடி வந்தார். அதிலிருந்து இன்றைக்கு வரைக்கும், மாதிரி இருந்தால் மாதிரிப்படி. நாமாக யோசிக்கக் கூடாது.

பேர் போடுகிற விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஊர் அய்யனார் கோயில் மணியில் என் பேர் இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்தில் போட்ட சிமெண்டுப் பெஞ்சில் இருக்கிறது. கோயில் மண்டபத்து டியூப்லைட் எல்லாவற்றிலும் உபயம் என்று போட்டு, பேர், ஊர், கடை விலாசம் வரைக்கும் எழுதச் சொன்னேன். என் வீட்டுக்காரி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பேரு நல்லாத் தெரியுது. வெளிச்சந்தான் வரலை" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள். செய்தவன் பேர் போடாவிட்டால் செய்யாதவன் பேர் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். நான் அதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன்.

மகன் ஒரே மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவுக்கு வரும்போது மற்ற பிள்ளைகள் அழுக்குத் துணி கொண்டுவருவார்கள். இவன் ஈயப் பொம்மை கொண்டுவருவான். இங்கிலாந்தில் யாரோ விற்கிறதை போனில் பார்த்து, ஏலம் கேட்டு வாங்குவான். எல்லாம் பழசு. என் சின்ன வயதில் வார்த்தது. வார்த்த கம்பெனி எல்லாம் எப்போதோ மூடிப்போய்விட்டதாம். புதுசு கிடைக்காதா என்று கேட்டேன். கிடைக்கும், ஆனால் புதுசுக்குத் தலை பெரிசு, கை தடிமன், பழசில்தான் ஆள் ஒல்லியாக, நிஜ ஆள் மாதிரி இருப்பான் என்றான். இதையெல்லாம் விற்பது யார் என்று கேட்டதற்கு, ஆடிய பெரியவர்கள் செத்துப்போனதும் அவர்கள் பிள்ளைகள் பெட்டியோடு விற்றுவிடுகிறார்கள் என்றான். சரிதான், பாத்திரக்கடையில் போடாமல் விற்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய பொம்மையில் வேறு யாரோ அடித்த பெயிண்ட் பாளம் பாளமாக இருக்கும். அதை எடுக்க, காயம் கழுவுகிற மருந்துத் தண்ணீரை ஒரு டப்பாவில் ஊற்றிப் பொம்மைகளை ஊறப்போடுவான். வீடு முழுக்க ஆஸ்பத்திரி நாற்றம் அடிக்கும். முதல்தடவை அவன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, யாருக்குக் காயம் என்று கேட்டாள். டப்பாவைக் காட்டினான். எட்டிப் பார்த்துவிட்டு, "பட்டாளத்துக்காரனுக்கு காயம்படத்தானே செய்யும்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது? பெயிண்டில் பிழைத்தவன் மகன் பொம்மைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தால் எந்த அப்பனுக்குப் பிடிக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏலே, இதுக்கு மெனக்கெடுற நேரத்துல ஒரு பொண்ணைப் பாக்கக் கூடாதா?" என்றேன். பிரஷ்ஷிலிருந்து கண்ணை எடுக்காமல், "பொண்ணு வந்தா மொத வேலையா இவங்களைத்தான் வெளிய போடுவா. இவங்க எங்கய்யா போவாங்க, பாவம்" என்றான். அவன் என்னை அய்யா என்றுதான் கூப்பிடுவான். பெங்களூர் போயும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் கை நன்றாக இருந்தது. என் கைதானே. நான் கடையிலிருந்து நல்ல எனாமல் கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம் என்பான். எனாமல் மினுமினுக்கும், பட்டாளத்துக்காரன் சட்டை மினுமினுக்கக் கூடாது என்பான். சொட்டு மருந்து மாதிரி சின்னச் சின்னப் புட்டியில் தண்ணீர்ப் பெயிண்ட் வைத்திருந்தான், அதைத்தான் அடிப்பான். கண்ணும் வைக்க மாட்டான். முகத்தில் நிழல் மாதிரி ஒரு கருப்பு மட்டும் தடவிவிடுவான். கண் இல்லாமல் எப்படிச் சண்டை போடுவான் என்று கேட்டேன். "இந்த அளவுல கண்ணு வச்சா பேய் முழிக்கிற மாதிரி இருக்கும்யா. தூரத்துல இருந்து பாத்தா கண்ணு தெரியாதுல்ல" என்றான்.

ஒருதடவை கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு ராமேஸ்வரம் வந்தான். லாட்ஜ் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பச்சைத் துணி விரித்து, அடியில் தலையணை வைத்து மலை உண்டாக்கி, இரண்டு நாள் சண்டை. இஞ்சுடேப்பால் அளந்து பட்டாளத்தை நகர்த்துவார்கள், பகடை உருட்டி யார் செத்தான் என்று பார்ப்பார்கள். தாயம் ஆடுவதற்கு இத்தனை ஆள் வேண்டுமா என்று கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். அப்போது வடக்கேயிருந்து வந்து தங்கியிருந்த யாத்திரைக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா கொலு என்று நினைத்துவிட்டாள் போல. உள்ளே வந்து கும்பிட்டுவிட்டு, மலை மேல் நின்ற தளபதி காலடியில் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போனாள். அந்தக் காசை எடுக்காமல், அதை ஒரு கோட்டை என்று வைத்து மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தார்கள்.

போன் வந்த அன்றைக்கு நான் கடையில் டிஸ்டெம்பர் வாளி இறக்கிக்கொண்டிருந்தேன். மழையில் பைக் சறுக்கியது என்றார்கள். கேட்டுக்கொண்டேன். போனை வைத்துவிட்டு, வண்டியில் இருந்த மீதி வாளியையும் இறக்கி, கணக்குப் பார்த்து, டிரைவருக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அப்படி ஏன் செய்தேன் என்று சிலர் இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்கே தெரியாது. வாளி பாதி இறக்கினபடி கிடந்தது, இறக்கினேன்.

கொள்ளி நான்தான் வைத்தேன். என் லாட்ஜுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்பனுக்குத் திதி கொடுக்க வருகிறவர்கள். அவர்களுக்கு எந்தப் படித்துறை, எந்த ஐயர், எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது என்று நான்தான் சொல்லி அனுப்புவேன். மகனுக்குக் கொடுக்க வந்தவன் என்று ஒருத்தனையும் நான் பார்த்த ஞாபகம் இல்லை. எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்து அவன் அறையிலிருந்த சாமான் எல்லாம் வந்தது. துணி, கம்ப்யூட்டர், பொம்மைப் பெட்டிகள். கம்ப்யூட்டரைத் திறக்க பாஸ்வேர்டு கேட்டது, மூடி வைத்துவிட்டோம். பொம்மைப் பெட்டியை ஒரு மழை நாளில் திறந்தேன். ஏன் திறந்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைக்கு ஆள் வரவில்லை, சும்மா இருக்க எனக்குப் பழக்கமில்லை. காலாட்படை முழுசும் அடித்து முடித்திருந்தான். நீலச் சட்டை, மார்பில் வெள்ளை வார் பெருக்கல் குறி போல. ஒருத்தன் முகமும் இன்னொருத்தன் முகம் மாதிரி இல்லை. அடுத்த பெட்டியில் குதிரைப்படை. அது எல்லாம் வெறும் ஈயமாக, தேய்க்காத பல் மாதிரிக் கிடந்தது. ஒன்றே ஒன்றை மட்டும் முடித்திருந்தான். வெள்ளைக் குதிரை, மஞ்சள் சட்டை, கழுத்திலும் கைமடிப்பிலும் பச்சை. கையில் ஊதுகொம்பு.

ஒன்றை முடித்து, மற்றதைப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். அது மாதிரி.

கடைக்குப் பின்னால் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டேன். முதலில் அடிப்பூச்சுக்கு ரெட் ஆக்சைடு. படகுக்கும் அதுதான், இரும்புக் கதவுக்கும் அதுதான், ஈயத்துக்கு மட்டும் வேறா? அவனுடைய சின்னப் புட்டிகள் எனக்குச் சரிப்படவில்லை, உறைந்து வேறு போயிருந்தன. நம் எனாமலையே தின்னர் விட்டு இளக்கி, மஞ்சளை அவன் மஞ்சளோடு வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். நாலு மஞ்சள் கலந்துதான் அவன் மஞ்சள் வந்தது. கண்ணில் மாட்டுகிற லென்ஸ் ஒன்று வாங்கினேன். என் வயதில் காபி டம்ளரைப் பிடித்தாலே கை ஆடும். பிரஷ் பிடித்தால் ஆடவில்லை. முன்னைவிட நன்றாக நின்றது. அதுதான் எனக்கு ஆச்சரியம். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் தின்றுகொண்டிருந்த வருஷம் அது.

மற்றவன் கையில் எல்லாம் வாள் இருந்ததே, ஊதுகொம்பு இவன் ஒருத்தன் கையில்தானே இருந்தது, யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் கோயிலில் மேளம் அடிப்பவனும் கொம்பு ஊதுகிறவனும் சாமி தூக்குகிறவனும் ஒரே மாதிரி வேட்டிதான் கட்டுவார்கள். கையில் இருப்பதுதான் வேறு. பட்டாளமும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

குதிரை வெள்ளையாக இருந்ததும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் குதிரை எடுப்பு நடக்கும். வேளார் மண்ணில் குதிரை செய்து, சுட்டு, வெள்ளை அடித்து வைத்திருப்பார். ஊரே போய்த் தூக்கிக்கொண்டு அய்யனார் கோயிலுக்கு வருவோம். என் பேரில் வருஷம் ஒரு குதிரை உண்டு. கண் மட்டும் வைக்காமல் விட்டிருப்பார்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு வேளார் கண் திறப்பார், அதற்கு ஒரு சேவல். கண் திறந்தால்தான் அது குதிரை, அதுவரைக்கும் வெறும் மண். அன்றைக்கு முதல் மரியாதை அவருக்குத்தான். எவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்தாலும் அவர் தலையில் துண்டு கட்டிய பிறகுதான் மற்றவனுக்கு. நான் உள்பட.

அந்த வருஷம் எங்களுக்குத் துக்கம். கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, குதிரையும் கிடையாது. குதிரை எடுப்பு அன்றைக்கு ஊரிலிருந்து போன் பண்ணி, உங்கள் குதிரை இல்லாமல் வரிசை குறையாகத் தெரிகிறது என்றார்கள். நான் வீட்டுக் கூடத்தில் இந்தக் குதிரைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். எல்லா வேலையும் முடிந்துவிட்டது. அவன் கண் வைக்கக் கூடாது என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் வைத்தேன். ஊசி முனையில் கருப்பைத் தொட்டு, குதிரைக்கும் வைத்தேன், ஆளுக்கும் வைத்தேன். என் வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்து புளி கோது எடுத்துக்கொண்டிருந்தவள், "சேவல் ஏதும் வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கேலியாகக் கேட்டாளா நிஜமாகவே கேட்டாளா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

அவன் அடித்து வைத்த ஊதுகொம்புக்காரனை மட்டும் நான் தொடவில்லை. அது அவன் வேலை. அடுத்தவன் முடித்த வேலையில் கை வைக்கக் கூடாது. அந்தக் குதிரைக்கு மட்டும் கண் இல்லை.

வருஷத் திதிக்கு அவன் கூட்டாளி ஒருத்தர் வந்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளை, தாடி வைத்திருப்பார், என் மகனோடு ஒரே அறையில் இருந்தவர். அதிகாலையில் எங்களோடு கடலுக்கு வந்து, இடுப்பளவு தண்ணீரில் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை என் மகன் சொல்லியிருக்கிறான். லாட்ஜுக்குத் திரும்பிய பிறகு, இந்தப் பட்டாளத்தை எங்களிடம் கொடுத்தால் கண்காட்சியில் வைப்போம், அவன் பேர் நிற்கும் என்றார். கொண்டுபோங்கள் என்று பெட்டிகளைத் திறந்து காட்டினேன்.

குதிரைப்படையைப் பார்த்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "முடிச்சிட்டானா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலைங்களே அங்கிள். எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் போயிருக்கான்" என்றார். ஒரு குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை தம்பி, அது நான் அடித்தது என்று சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பிள்ளைக்கு அழுகை வருகிறது, எனக்கு ஒரு வருஷமாக வரவில்லை. அதைப் போய் நிறுத்த மனசு வரவில்லை. அவருக்குக் காபி சொல்லியனுப்பினேன்.

அவர் பெட்டிகளோடு ரயில் ஏறிய பிறகு என் வீட்டுக்காரி கேட்டாள். "மணியில பேரு, பெஞ்சில பேரு, டியூப்லைட்ல பேரு. ஒரு வருசம் கண்ணு பூக்க அடிச்சதுக்கு மட்டும் ஏன் வாயடைச்சு நின்னீக?"

"சொல்லத் தோணலை" என்றேன்.

"தோணும்போது சொல்லுங்க. ஆனா சொல்லிருங்க" என்றாள்.

பெங்களூரில் எல்லாப் பொம்மைக்கும் மேலே மினுமினுப்பு இல்லாத வார்னிஷ் ஒரு கை அடித்துவிட்டார்கள். அதோடு என் எனாமலும் அவன் தண்ணீர்ப் பெயிண்டும் பார்க்க ஒன்றாகிவிட்டது. போனில் படம் வந்தது. கண்ணாடிப் பெட்டி, விளக்கு, அட்டை. அட்டையில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை லாட்ஜ் மேனேஜரை விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், நான் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தேன் என்று. நல்லா எழுதியிருக்காங்க என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். அப்போதும் பேசாமல்தான் இருந்தேன். பேசாமலே இருந்தும் இருப்பேன்.

போன வாரம் அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளை போன் பண்ணினார். மலருக்கு எழுதித் தரச் சொல்லத்தான் பண்ணினார். பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னார். கண்காட்சிக்கு இந்த விஷயத்தில் ஊறிய ஒரு பெரியவர் வந்தாராம். குதிரைப்படையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம். பிரெஞ்சுக் குதிரைப்படையில் ஊதுகொம்புக்காரனுக்கு மட்டும்தான் வெள்ளைக் குதிரையாம், புகைக்குள்ளும் அவன் எங்கே நிற்கிறான் என்று தளபதிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. சட்டையும் அவனுக்கு மட்டும் தலைகீழாம். மற்றவனுக்கெல்லாம் பச்சைச் சட்டை, மஞ்சள் கழுத்து. குதிரையும் செவலை, கருப்பு. இங்கே என்ன, படை பூராவும் ஊதுகொம்புக்காரனாக இருக்கிறதே, வாளோடு நிற்கிறானே, ஊதுகிறவன் யாரை வெட்டப் போகிறான் என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கடைசில அவசரத்துல அடிச்சிருப்பான், கவனிச்சிருக்க மாட்டான், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டேனுங்க அங்கிள். அடுத்த கண்காட்சிக்குள்ள அதை ஊறப்போட்டு எடுத்துட்டு, நாங்களே சரியா அடிச்சு வச்சிர்றோம். அவன் பேருக்கு ஒரு குறை வரக் கூடாதில்லைங்களா."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். பழக்கம் அப்படி ஆகிவிட்டது, எது சொன்னாலும் சரி. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அது கையைப் பிடித்தது. என் மகன் கவனிக்கவில்லை என்று ஒரு வெளியாள் கேட்க, ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எந்தக் குதிரை வெள்ளை, எவனுக்கு எந்தச் சட்டை என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அந்த ஒருத்தனை மட்டும் வெள்ளைக் குதிரையில் ஏற்றி வைத்திருக்கிறான். அவன் அவசரப்பட்டு ஒரு வேலையும் செய்ததில்லை. அவன் முதல் ஆளாக அடித்து வைத்த ஊதுகொம்புக்காரனை, படைக்கே மாதிரி என்று நினைத்தது நான். அவ்வளவுதான் நடந்தது.

என் வேலையைப் பிழை என்றும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாதிரிப்படி அடித்திருக்கிறேன். ஒரு மஞ்சள் வேறு மஞ்சளாகத் தெரிகிறதா, ஒரு கோடு விலகியிருக்கிறதா, லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் அந்தப் பெரியவரை. அவர் சொல்கிற பிரெஞ்சுக்காரனுக்கு எந்தக் குதிரையோ, எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் குதிரை வெள்ளை.

ஆகவே தம்பி, இதை மலரில் அப்படியே போடுங்கள், ஒரு வரி எடுக்கக் கூடாது. குதிரைப்படையை ஊறப்போடாதீர்கள். ஊறப்போட்டால் அடியில் ரெட் ஆக்சைடு வரும், அதைப் பார்த்தாலே அது யார் கை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அப்போது பார்த்து என்ன செய்ய. சந்தேகம் இருந்தால் கண்ணைப் பாருங்கள். கண் திறந்தது எல்லாம் நான். கண் இல்லாத ஒரு குதிரை நிற்கும், அது அவன். அந்த ஒன்றையும் காலாட்படை முழுவதையும் அவன் பேரில் எழுதுங்கள், அதில் எனக்குப் பங்கு வேண்டாம். மற்ற குதிரை, மற்ற ஆள், அதில் யார் எந்தக் குறை சொன்னாலும் அந்தக் குறை, எல்லாம் என் பேரில் வர வேண்டும்.

அட்டையைப் புதுசாக அடியுங்கள். முதல் வரியில் அவன் பேர், இரண்டாவது வரியில் என் பேர். அப்பா என்று மட்டும் போட்டு ஒதுக்கிவிடாதீர்கள், முழுப் பேரும் ஊரும் வர வேண்டும். எழுத்து இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். என்னுடையது கொஞ்சம் பெரிசாக விழுந்துவிட்டாலும் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்.